அஃபென்ஸ் தடுமாறினால் குற்றம் குவார்ட்டர்பேக் மீதா, பிளே காலர் மீதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்.எஃப்.எல்., அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பவர்களுக்கான பக்கம். ஒரு அணியின் அஃபென்ஸ், அதாவது பந்தை வைத்து ஆடும் பக்கம், வாராவாரம் 13, 16 புள்ளிகளோடு முடங்கும்போது ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் சரியில்லை என்பது ஒரு கட்சி. எந்த பிளே (ஒரு முறை பந்தை ஆடுவதற்கான திட்டம்) ஆடுவது என்று சொல்லும் பிளே காலர் சரியில்லை என்பது மற்றது. எங்கள் நிலைப்பாடு வேறு. ஆளை முன்னால் நிறுத்தி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு பிளேயாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எதிரணி பாய்ந்து வந்து சேருமுன் ஒரு ரிசீவராவது (எறியும் பந்தைப் பிடிப்பவர்) அருகில் எதிராளின்றிக் கிடைத்தாரா? கிடைத்தவருக்குப் பந்து போனதா? இந்த இரண்டு கேள்விகளே பெரும்பாலான பழியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

கீழே அதிகம் பேசப்படுவது 2022 டென்வர் பிராங்கோஸ். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே முதலில் பயிற்சியாளர் மாறினார், பிறகு குவார்ட்டர்பேக் மாறினார். யாரால் எது மாறியது என்று தனித்தனியாகப் பார்க்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது.

பிளே காலரின் வேலை எங்கே முடிகிறது, குவார்ட்டர்பேக்கின் வேலை எங்கே தொடங்குகிறது?

முந்தைய பிளே முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் (பிளே கிளாக்) ஓடத் தொடங்கும். எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒன்று), இன்னும் எத்தனை யார்டு, மைதானத்தில் எந்த இடம் என்பதைப் பார்த்து பிளே காலர் தன் கையிலுள்ள அட்டையிலிருந்து ஒரு பிளேயைத் தேர்ந்து ரேடியோவில் சொல்கிறார். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைக்க லீக் 1994 முதல் அனுமதிக்கிறது. ஹெல்மெட்டின் பின்பக்கம் தெரியும் பச்சைப் புள்ளி அதற்கான அடையாளம். கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அந்த ஒலி துண்டிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு குவார்ட்டர்பேக் தனி ஆள்.

காதில் விழுந்த பிளேயின் பெயரில் எல்லாமே அடங்கியிருக்கும்: யார் எங்கே நிற்பது, ஸ்னாப்புக்கு (பந்து பின்னால் கைமாறி பிளே தொடங்கும் கணம்) முன் யார் இடம் மாறுவது, லைன் (குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் ஐவர்) எந்தப் பக்கம் தடுப்பது, ரிசீவர்கள் எந்த வழியில் ஓடுவது. சில அணிகளில் பத்துப் பன்னிரண்டு சொல் நீளும். குவார்ட்டர்பேக் அதை ஹடிலில் (பிளேக்கு முன் வீரர்கள் கூடும் வட்டத்தில்) பிசகாமல் சொல்லி, எந்த எண்ணிக்கையில் ஸ்னாப் என்பதையும் சேர்த்து, பத்துப் பேரையும் கோட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அங்கே டிஃபென்ஸ், அதாவது எதிரணியின் தடுக்கும் பக்கம், நிற்கும் விதத்தைப் படிக்க வேண்டும். நடு லைன்பேக்கர் (டிஃபென்ஸின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) யார் என்பதை சென்டரோடு (பந்தை ஸ்னாப் செய்பவர்) சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். கூடுதல் ஆள் பாய்ந்து வருவார் என்று தெரிந்தால் தடுப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பல பிளேகள் இரட்டையாகவே அனுப்பப்படும். முதலாவது பொருந்தாது என்று பட்டால் ‘கில்’ என்று கத்தி இரண்டாவதுக்கு மாறுவது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு.

எனவே எட்டுப் பேர் அடைத்து நிற்கும் இடத்தில் முட்டி மோதி ஒரு யார்டுகூடக் கிடைக்காத ரன் (பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடும்) பிளேயைப் பார்த்தவுடன் பிளே காலரைத் திட்டிவிட முடியாது. குவார்ட்டர்பேக் மாற்றியிருக்க வேண்டிய பிளேயாக அது இருக்கலாம். அவரே மாற்றி எடுத்ததாகவும் இருக்கலாம்.

தலைமைப் பயிற்சியாளர்தான் பிளே காலரா?

அணிக்கு அணி வேறுபடும். கான்சஸ் சிட்டியில் ஆண்டி ரீட், ராம்ஸில் ஷான் மெக்வே, ஃபார்ட்டிநைனர்ஸில் கைல் ஷனாஹன் போன்றவர்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே பிளே சொல்பவர்கள். பல அணிகளில் அது அஃபென்சிவ் கோஆர்டினேட்டரின் (அஃபென்ஸுக்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளர்) வேலை. பதவிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நதானியேல் ஹாக்கெட் 2019 முதல் 2021 வரை கிரீன் பேயில் கோஆர்டினேட்டராக இருந்தார். ஆனால் அங்கே பிளே சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் மாட் லாஃப்ளூர். டென்வர் ஹாக்கெட்டைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தபோது அவர் ஆட்ட நாளில் பிளே சொல்லி மூன்று சீசன் ஆகியிருந்தது.

2022 டென்வரில் உண்மையில் என்ன கெட்டது?

பல விஷயங்கள் ஒன்றாகக் கெட்டன. வரிசையாகப் பார்ப்போம்.

முதல் ஆட்டம் சியாட்டிலில், செப்டம்பர் 12. டென்வர் 433 யார்டு எடுத்தது. புள்ளிகள் 16 மட்டுமே. 17-16 எனத் தோற்றது. மூன்றாவது கால்பகுதியில் இரண்டு முறை பந்து எதிரணியின் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்பு வரை போனது. ரன்னிங் பேக்குகள் (பந்தைத் தூக்கி ஓடுபவர்கள்) மெல்வின் கார்டன் ஒருமுறை, ஜவான்டே வில்லியம்ஸ் ஒருமுறை பந்தைத் தவறவிட்டார்கள். ஒரு யார்டு வரை கொண்டுபோனது பிளே காலரும் குவார்ட்டர்பேக்கும்தான். அந்த 14 புள்ளிகளுக்கான பழியில் இருவருக்கும் பெரிய பங்கில்லை.

ஆனால் அதே ஆட்டத்தின் முடிவு முழுக்க ஹாக்கெட்டின் கணக்கில் சேரும். நான்காவது டவுன், 5 யார்டு தேவை, பந்து சியாட்டிலின் 46 யார்டு கோட்டில். டைம் அவுட்டுகள் கைவசம் இருந்தும் கடிகாரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலிருந்து 20 நொடி வரை ஓடவிடப்பட்டது. பிறகு உதைப்பவரை அனுப்பி 64 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) முயன்றார்கள், தவறியது. அப்போதைய லீக் சாதனையே 66 யார்டுதான். நான்காவது டவுனை ஆடியிருக்க வேண்டும் என்று ஹாக்கெட் மறுநாள் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் சொந்த ஊரில் ஹூஸ்டனுக்கு எதிராக பிளே மைதானத்துக்கு வந்து சேரவே அவ்வளவு தாமதமானது. பிளே கிளாக்கின் கடைசி நொடிகளை டென்வர் ரசிகர்களே சேர்ந்து உரக்க எண்ணத் தொடங்கினார்கள். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ரேடியோவில் பிளே பத்து நொடி தாமதமாக வந்தால் குவார்ட்டர்பேக் கோட்டில் நின்று டிஃபென்ஸைப் படிக்கும் நேரம்தான் பறிபோகிறது. ‘கில்’ சொல்ல நேரமில்லை, தடுப்பைத் திருப்ப நேரமில்லை, ரிசீவரை நகர்த்திப் பார்க்க நேரமில்லை. பிறகு அவர் எடுக்கும் தவறான முடிவு குவார்ட்டர்பேக்கின் தவறு போலத்தான் திரையில் தெரியும்.

இதற்கு மேல் காயங்கள். ரிசீவர் டிம் பேட்ரிக் சீசன் தொடங்குமுன்பே முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். நான்காவது வாரம் ஜவான்டே வில்லியம்ஸுக்கும் முழங்கால். ஐந்தாவது வாரம் லெஃப்ட் டாக்கிள் காரெட் போல்ஸின் கால் முறிந்தது. குவார்ட்டர்பேக்கின் முதுகுப்பக்கத்தைக் காப்பவர் அவர். அவர் இல்லாவிட்டால் நீண்ட நேரம் பிடிக்கும் பிளேகளைச் சொல்லவே பயமாக இருக்கும்.

பொருத்தமின்மையும் இருந்தது. ஹாக்கெட் கொண்டுவந்த முறையில் குவார்ட்டர்பேக் சென்டருக்குப் பின்னால் நேராக நின்று பந்தை வாங்கி, ரன் போலக் காட்டிவிட்டு நடு மைதானத்தில் எறிவது முக்கியம். அந்த ஆண்டு டென்வருக்கு வந்த குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் சியாட்டிலில் புகழ்பெற்றது ஷாட்கன்னில், அதாவது சென்டரிலிருந்து சில யார்டு பின்னால், நின்று, ஓரத்தில் உயரமாக எறியும் நீண்ட பந்துகளால். இரண்டையும் பாதிப் பாதி கலந்ததில் எதுவும் கூர்மையாக வரவில்லை.

ஹாக்கெட் பிளே சொல்வதை விட்ட பிறகு என்ன ஆனது?

புள்ளிகளை வரிசையாகப் போட்டால் தெரியும். ஹாக்கெட் பிளே சொன்ன முதல் ஒன்பது ஆட்டங்கள்: 16, 16, 11, 23, 9, 16, 9, 21, 10. சராசரி 14.6. நவம்பர் 20 அன்று பொறுப்பு உதவிப் பயிற்சியாளர் கிளின்ட் குபியாக் கைக்குப் போனது. அடுத்த ஆறு: 16, 10, 9, 28, 24, 14. சராசரி 16.8. கிறிஸ்துமஸ் அன்று ராம்ஸிடம் 51-14 எனத் தோற்ற மறுநாள் ஹாக்கெட் நீக்கப்பட்டார். கடைசி இரண்டு: 24, 31.

பிளே சொல்பவர் மாறியதும் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு புள்ளி. அந்த ஒன்பதிலும் இந்த ஆறிலும் ஒவ்வோர் ஆட்டத்தில் வில்சனுக்குப் பதிலாக பிரெட் ரிப்பியன் ஆடினார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கடைசி இரண்டு ஆட்டங்களின் ஏற்றத்தை வைத்துத் தீர்ப்பெழுத நாங்கள் துணிய மாட்டோம். இரண்டு ஆட்டம் மிகக் குறைவு. சீசன் முழுவதும் 287 புள்ளி, லீக்கிலேயே கடைசி இடம்.

ஒரே ஒரு பிளேயில் யார் தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

சிலவற்றில் முடியும். 2022 ஐந்தாவது வாரம், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான வியாழக்கிழமை ஆட்டம். இரண்டு அணிகளும் ஒரு டச்டவுன்கூட (பந்தை கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்ட் ஸோனில் சேர்ப்பது) எடுக்கவில்லை. கூடுதல் நேரத்தில் டென்வர் 12-9 எனப் பின்தங்கியிருந்தது. நான்காவது டவுன், ஒரு யார்டு தேவை, பந்து கோல்ட்ஸின் 5 யார்டு கோட்டில். ஃபீல்ட் கோல் உதைத்திருந்தால் சமன் ஆகியிருக்கும். ஹாக்கெட் வெற்றிக்கே போனார். வில்சன் பந்தை ரிசீவர் கோர்ட்லாண்ட் சட்டனுக்கு எறிந்தார், கோல்ட்ஸின் ஸ்டெஃபன் கில்மோர் தட்டிவிட்டார், ஆட்டம் முடிந்தது. அதே பிளேயில் இன்னொரு ரிசீவர் கே.ஜே. ஹாம்லர் ஆளின்றி நின்றுகொண்டிருந்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அறைந்தது எல்லோரும் பார்த்த காட்சி.

இதை எப்படிப் பிரிப்பது? ஒரு யார்டுக்கு ரன் விடாமல் எறியச் சொன்னது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் சொல்லப்பட்ட பிளே தன் வேலையைச் செய்தது; ஒரு ரிசீவரை விடுவித்தது. பந்து அவருக்குப் போகவில்லை. இந்த பிளே குவார்ட்டர்பேக்கின் கணக்கு.

அதே ஆட்டத்தில் இன்னொன்றும் உண்டு. நான்காவது கால்பகுதியின் இறுதிப் பக்கம் டென்வர் 9-6 என முன்னிலை. மூன்றாவது டவுன், 4 யார்டு, பந்து கோல்ட்ஸின் 13 யார்டு கோட்டில். எறியச் சொன்னார்கள், எண்ட் ஸோனில் கில்மோர் பிடித்துவிட்டார். ரன் விட்டு மூன்று புள்ளி எடுத்திருந்தால் 12-6. இங்கே பழி இரண்டு பங்கு: அந்த நிலையில் அபாயமான பிளேயை அனுப்பியது ஒன்று, அடைபட்ட இடத்தில் எறிந்தது மற்றது. எறிந்தவரின் பங்கே கூடுதல் என்பது எங்கள் கருத்து. மூன்றாவது டவுனில் பந்தை வெளியே எறிந்துவிட்டாலும் மூன்று புள்ளி கையில் இருந்திருக்கும்.

சாக் அதிகமானால் அது லைனின் குற்றம்தானே?

குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன்பே எதிரணி அவரை வீழ்த்துவதுதான் சாக். அது லைனின் குற்றம் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். எங்கள் கணிப்பில் இந்த விஷயத்தில்தான் ரசிகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சாக் எண்ணிக்கை குவார்ட்டர்பேக்கோடு சேர்ந்து ஊர் ஊராகப் பயணம் போகும்.

வில்சன் சியாட்டிலில் 2013 முதல் 2020 வரை எட்டு சீசனிலும் 40க்கு மேல் சாக் வாங்கினார். லைன்மேன்கள் மாறினார்கள், கோஆர்டினேட்டர்கள் மாறினார்கள், எண் மாறவில்லை. 2022 டென்வரில் 55, லீக்கிலேயே அதிகம். 2023இல் ஷான் பேட்டன் பிளே காலராக வந்தார்; வில்சன் 15 ஆட்டங்களில் 45 சாக். 2024இல் வில்சன் போனார், புதியவர் போ நிக்ஸ் வந்தார். பிளே காலர் அதே பேட்டன், லைனில் ஐவரில் நால்வர் அதே ஆட்கள். நிக்ஸ் 17 ஆட்டங்களில் வாங்கியது 24.

காரணம் எளிது. லீக்கில் பந்து கையை விட்டுப் போகும் சராசரி நேரம் இரண்டேமுக்கால் நொடிக்கு அருகில். லைன் பெரும்பாலும் அதுவரை தாங்கும். முதல் ரிசீவர் அடைபட்டதும் இரண்டாமவர், பிறகு பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு எறிபவருக்கு மூன்றாவது நொடி தேவைப்படாது. பெரிய பிளே கிடைக்கும் என்று பின்னால் சுற்றிச் சுற்றி ஓடுபவருக்கு நான்கு நொடி வேண்டும். எந்த லைனாலும் அதைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. அந்தச் சுற்றி ஓடும் பழக்கமே வில்சனுக்குப் பல அற்புதமான டச்டவுன்களையும் தந்தது என்பதால் அதை வெட்டி எறியவும் எளிதாக முடியாது.

அப்படியானால் டென்வரில் குவார்ட்டர்பேக்தான் குற்றவாளி என்று சொல்கிறீர்களா?

இல்லை. பேட்டன் வந்ததும் வில்சனின் டச்டவுன் 16இலிருந்து 26ஆக ஏறியது, இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) 11இலிருந்து 8ஆக இறங்கியது. அணியின் புள்ளிகள் 287இலிருந்து 357. அதே குவார்ட்டர்பேக், நல்ல பிளே காலர்: 70 புள்ளி கூடுதல். அடுத்த ஆண்டு அதே பிளே காலர், வேறு குவார்ட்டர்பேக்: 425, இன்னும் 68. இரண்டு மாற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். பழி இருவருக்கும் பாதிக்குப் பாதி என்று நாங்கள் சொல்வதன் அடிப்படை இதுதான். காயம் குறைந்தது, லைன்மேன்கள் புதிதாக வந்தது ஆகியவையும் அந்த 70க்குள் அடங்கியிருக்கின்றன.

நல்ல பிளே காலர் ஒரு குவார்ட்டர்பேக்கை முழுக்க மாற்றிவிட முடியுமா?

பெரிய உதாரணம் ஜாரட் கோஃப். 2016இல் ராம்ஸில் அவர் தொடங்கிய ஏழு ஆட்டமும் தோல்வி, 5 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன். அணி எடுத்தது 224 புள்ளி, லீக்கில் கடைசி. 2017இல் மெக்வே வந்தார்: 478 புள்ளி, லீக்கில் முதலிடம், கோஃப் 28 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன்.

மெக்வேயின் முக்கிய உத்தியே மேலே சொன்ன ரேடியோ விதியைச் சார்ந்தது. அணியைச் சீக்கிரமாகக் கோட்டுக்கு அனுப்பிவிடுவார். டிஃபென்ஸ் நிற்கும் விதம் தெரிந்தபோதும் கடிகாரத்தில் 15 நொடிக்கு மேல் இருக்கும். ஒலி அறுபடுமுன் கோஃபின் காதில் அவரே படித்துச் சொல்லிவிடுவார். குவார்ட்டர்பேக்கின் ஒரு வேலையைப் பயிற்சியாளரே எடுத்துக்கொண்டது போல. 2019 பிப்ரவரி சூப்பர் பௌலில் (லீக்கின் இறுதிப் போட்டி) நியூ இங்கிலாந்து இதற்கு மாற்று வைத்திருந்தது: ஒரு அமைப்பில் நின்றுவிட்டு, ஒலி அறுபட்ட பிறகு வேறொன்றுக்கு மாறுவது. ராம்ஸ் 3 புள்ளியோடு முடிந்தது.

ஆனால் 2017 மாற்றம் முழுவதையும் மெக்வேக்கு எழுதிக் கொடுக்கவும் கூடாது. அந்த சீசன் தொடங்குமுன் லெஃப்ட் டாக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த், ரிசீவர்கள் ராபர்ட் வுட்ஸ், கூப்பர் கப், சாமி வாட்கின்ஸ் வந்து சேர்ந்தார்கள். பிறகு டெட்ராய்ட் போன கோஃபின் கதையும் பிளே காலர் பக்கமே சாய்கிறது: 2021இல் லயன்ஸ் 325 புள்ளி, பென் ஜான்சன் கோஆர்டினேட்டரான 2022இல் 453.

எதிர்த்திசை உதாரணம் நியூ இங்கிலாந்தின் மேக் ஜோன்ஸ். 2021இல் ஜாஷ் மெக்டேனியல்ஸ் பிளே சொன்னபோது 22 டச்டவுன். 2022இல் காலமெல்லாம் டிஃபென்ஸ் பயிற்சியாளராகப் பெயரெடுத்த மாட் பட்ரீசியாவிடம் பிளே சொல்லும் வேலை போனது, 14 டச்டவுன். 2023இல் அனுபவமுள்ள பில் ஓ’ப்ரையன் வந்தும் அணி 236 புள்ளிக்குச் சரிந்தது, ஜோன்ஸ் இடத்தை இழந்தார். நல்ல பிளே காலர் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மோசமான ஒரு ஆண்டில் படிந்த பழக்கம், குறிப்பாக அடி வாங்கப்போகிறோம் என்ற பயத்தில் கால் பதறுவது, அடுத்த ஆண்டும் கூடவே வரும்.

சீசன் நடுவில் கோஆர்டினேட்டரை நீக்கினால் பலன் உண்டா?

பெரும்பாலும் ஓரிரு வாரம். பிளே புத்தகம் அதேதான், வீரர்கள் அதே ஆட்கள்தான்.

பிட்ஸ்பர்க் 2023 நவம்பர் 21 அன்று மாட் கனடாவை நீக்கியது. அடுத்த ஆட்டத்தில் ஸ்டீலர்ஸ் 421 யார்டு எடுத்தது. கனடா கோஆர்டினேட்டராக இருந்த காலம் முழுவதும் ஒருமுறைகூட 400ஐத் தொட்டதில்லை. ஆனால் புள்ளி 16 மட்டுமே. அதற்கடுத்த மூன்று ஆட்டங்கள் 10, 18, 13. பிறகு குவார்ட்டர்பேக் இடத்துக்கு மேசன் ருடால்ஃப் வந்தார்: 34, 30, 17, மூன்றும் வெற்றி. பிளே சொன்னவர்கள் அதே ஆட்கள். பிளே காலர் மாறியதும் யார்டு வந்தது. குவார்ட்டர்பேக் மாறிய பிறகே புள்ளி வந்தது.

சிகாகோ 2024 நவம்பரில் ஷேன் வால்ட்ரனை நீக்கி தாமஸ் பிரவுனிடம் கொடுத்தது. முதல் மூன்று ஆட்டம் 19, 27, 20; அடுத்த ஐந்து 13, 12, 17, 3, 24. இடையில் தலைமைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டு பிரவுன் அந்த வேலையையும் சேர்த்துச் சுமந்தார். அறிமுக குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் அந்த சீசனில் 68 முறை சாக் ஆனார்.

மூன்றாவது டவுனில்தான் எங்கள் அணி தோற்கிறது. யார் காரணம்?

முதல் டவுனைப் பாருங்கள். மூன்றாவது டவுனில் 9 யார்டு தேவைப்பட்டால் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அடிக்கடி தோற்பார்; 3 யார்டு என்றால் பாதிக்கு மேல் பிழைப்பார். முதல் டவுனில் ரன், இரண்டாவதிலும் ரன், மூன்றாவதில் 8 யார்டு, எல்லோருக்கும் தெரிந்த பாஸ் என்று ஓடும் அணியில் பழி பிளே காலருக்கு. முதல் டவுனில் எறியச் சொல்லியும் பந்து தவறி விழுவதால் 10 யார்டு மிச்சமிருந்தால் அது வேறு கதை.

தொலைவு நீள்வதற்குத் தண்டனைகளும் காரணம். ஃபால்ஸ் ஸ்டார்ட் 5 யார்டு, ஹோல்டிங் 10. பிளே கிளாக் தீர்ந்துபோய் வரும் 5 யார்டு தண்டனை பிளே காலரையும் குவார்ட்டர்பேக்கையும் சேர்த்துக் குறை சொல்ல வேண்டிய இடம். ஆட்டத்துக்கு இரண்டு வந்தால் பிளே வந்து சேரும் பாதையிலேயே கோளாறு.

ரன் அதிகம் விட்டால்தான் பிளே ஆக்‌ஷன் எடுபடும் என்கிறார்களே?

எண்கள் அப்படிச் சொல்லவில்லை. ரன் நன்றாகப் போகாத அணிக்கும் ரன் போலக் காட்டி எறிவது வேலை செய்கிறது, ஏனென்றால் லைன்பேக்கர்கள் லைன்மேன்களின் அசைவைப் பார்த்துத்தான் முன்னே வருகிறார்கள். பிளே ஆக்‌ஷனையே தொடாத பிளே காலரைக் குறை சொல்லலாம். ரன் குறைவு என்பதற்காக மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

வீட்டில் உட்கார்ந்து நானே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நேரலையில் முடியாது. டிவி கேமரா பந்தைத் தொடரும், ரிசீவர்கள் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும் ‘ஆல்-22’ காட்சி வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி ஆடுவது சுமார் 60 முதல் 65 பிளே, அதில் எறியப் பின்வாங்குவது 35 அளவில். அந்த 35ஐ மட்டும் எடுங்கள்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை லைனை மட்டும்: ஸ்னாப்பிலிருந்து இரண்டரை நொடிக்குள் யாராவது உடைத்துக்கொண்டு வந்தாரா? இரண்டாவது முறை ரிசீவர்கள்: குவார்ட்டர்பேக் கடைசி அடியை ஊன்றும் கணத்தில் காட்சியை நிறுத்தி, யாருக்கும் எதிராளிக்கும் இடையே இரண்டு மூன்று யார்டு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது முறை குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்: எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது விலகுகிறது?

நோட்டில் ஒரே ஒரு காரணம் எழுதுங்கள். இரண்டரை நொடிக்குள் உடைந்தால் ‘லைன்’. ஆனால் தடுக்க ஆளே ஒதுக்கப்படாதவர் வந்தால் அதை லைன் மேல் போட வேண்டாம். அந்த ஆளுக்கு விடையாக உடனே எறியும் பாதை பிளேயில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தும் எறியவில்லை என்றால் ‘குவார்ட்டர்பேக்’, இல்லவே இல்லை என்றால் ‘பிளே’. தடுப்பு தாங்கி, ஆள் கிடைத்து, பந்து போகவில்லை அல்லது தவறிப் போனது என்றால் ‘குவார்ட்டர்பேக்’. தடுப்பு தாங்கியும் எல்லா ரிசீவரும் அடைபட்டிருந்தால் ‘பிளே’. கைக்கு வந்ததை நழுவவிட்டால் ‘ரிசீவர்’. இரண்டு ரிசீவர் ஒரே இடத்துக்கு ஓடி முட்டினால் கேள்விக்குறி போட்டுவிடுங்கள். யார் வழி தவறினார் என்று வெளியிலிருந்து தெரியாது.

நான்கு ஆட்டம், ஏறக்குறைய 140 பிளே பார்த்த பிறகு எண்ணுங்கள். ஓர் ஆட்டத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

எந்த எண்களைப் பார்க்கலாம்?

முதலில் சக்ஸஸ் ரேட். முதல் டவுனில் தேவையான யார்டில் 40 சதவீதம், இரண்டாவதில் 60, மூன்றாவது நான்காவதில் முழுவதும் எடுத்தால் அந்த பிளே வெற்றி. முதல் இரண்டு டவுனுக்கு மட்டும் தனியாக எடுத்தால் பிளே காலரின் கை தெரியும். அடுத்து, அழுத்தம் வந்த பிளேகளில் எத்தனை சாக் ஆனது என்பது. ஐந்தில் ஒன்று சாதாரணம். நான்கில் ஒன்றைத் தாண்டினால் குவார்ட்டர்பேக் பந்தை விட மறுக்கிறார் என்று பொருள். முன்கூட்டியே எழுதிவைத்து ஆடும் முதல் 15 பிளேயில் அணி நன்றாக ஆடி, பிறகு தேய்ந்துபோனால் வாரம் முழுக்கத் தயாரித்தது நன்று, எதிரணி மாறும்போது பதில் சொல்லத் தெரியவில்லை என்று அறியலாம்.

குவார்ட்டர்பேக் ரேட்டிங்கும் மொத்த யார்டும் இந்த வழக்குக்கு அதிகம் உதவாது. சியாட்டிலில் 433 யார்டு எடுத்தும் டென்வர் தோற்றதை மேலே பார்த்தோம்.

பாதிக்குப் பாதி என்றால் அணி ஏன் எப்போதும் பயிற்சியாளரையே முதலில் நீக்குகிறது?

பணக் கணக்கு. பயிற்சியாளர்களின் சம்பளம் அணிக்கான சம்பள வரம்பில் சேராது. உரிமையாளர் தன் பையிலிருந்து கொடுத்து அனுப்பிவிடலாம். வீரரின் ஒப்பந்தம் அப்படி இல்லை. டென்வர் வில்சனை ஓர் ஆட்டம்கூட ஆடுமுன் 2022 செப்டம்பர் 1 அன்று ஐந்து ஆண்டுக்கு 24 கோடியே 26 லட்சம் டாலர் நீட்டிப்பில் கட்டிப்போட்டது. 2024 மார்ச்சில் அவரை விடுவித்தபோது ஆட ஆளில்லாமலே 8 கோடியே 50 லட்சம் டாலர் சம்பள வரம்பில் விழுந்தது. அதை இரண்டு ஆண்டுக்குப் பிரித்துச் சுமந்தார்கள். எனவே உங்கள் அணியில் யார் போவார் என்று கணிக்க வேண்டுமானால் முதலில் குவார்ட்டர்பேக்கின் ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகை எந்த ஆண்டு தீர்கிறது என்று பாருங்கள். அதற்கு இன்னும் இரண்டு சீசன் இருந்தால், ஆல்-22 என்ன காட்டினாலும், பெட்டி கட்டப்போவது கோஆர்டினேட்டர்தான்.